பேசாத அத்தையும் பெரியாஸ்பத்திரி யசோதினியும்

யசோதினி என்கிற பெயர், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற அந்த லயத்தில் முதன்முதலாகக் காதில் விழுந்தது பீலிக்கரையில்தான். தண்ணீர் நூலாக வடிகிற வெயில் காலம். குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நின்ற பெண்களிடம் பெரியாயி வந்து சொன்னாள்.

"எந் தம்பி மகளுக்குப் பேரு வச்சாச்சு. யசோதினி. நாந்தான் காதுல சொன்னேன்."

அங்கே நின்றவர்கள் எல்லாம் காளியாயி, மூக்காயி, இராக்கம்மா என்று சாமி பெயரும் பாட்டி பெயரும் வைத்துக்கொண்டவர்கள். இராக்கம்மா அந்தப் புதுப் பெயரை இரண்டு தரம் வாயில் போட்டு மென்று பார்த்தாள்.

"இது என்னாடி, கிளாக்கரையா வீட்டுப் புள்ள பேரு மாதிரி. கூப்புட்டு முடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிப்போயிருமே."

"ஆறட்டும். எம் மருமகளுக்கு நான் சுட வச்சுக் குடுத்துக்கிறேன். ஒனக்கென்ன?"

மருமகள் பிறந்து முப்பது நாள்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ரமேஸ், பெரியாயியின் மகன், அவள் இடுப்பில் மூக்கொழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த உரிமை அவளுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதுளைக்குப் பக்கத்தில், ஹாலிஎலைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம் அது. செல்லையா என்பவருக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் பெரியாயி, இளையவன் தம்பையா. தம்பையாவைப் பெற்ற வருஷமே அவர்களுடைய அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பெரியாயிக்கு அப்போது பால்பல் விழுந்து முளைக்கிற வயது. தம்பியைத் தூக்கித் தூக்கி அவளுடைய இடுப்பே ஒரு பக்கம் சாய்ந்துபோனது என்று லயத்தில் சொல்வார்கள். கஞ்சி காய்ச்சி ஊட்டினதும் அவள்தான், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் விட்டு எடுத்ததும் அவள்தான், பின்னால் நாலு இடம் பார்த்துப் பெண் எடுத்துக் கட்டிவைத்ததும் அவள்தான். ஆகவே தம்பி மகள் தன் மகனுக்குத்தான் என்று அவள் சொன்னபோது யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. தம்பையாவும் தலையை ஆட்டிவைத்தான். அக்கா சொன்னதற்கு அவன் தலையாட்டாத நாள் எது?

யசோதினியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

பெண் வளர்ந்தாள். படிப்பு ஓடியது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் முடிந்து பதுளைக்கு பஸ்ஸில் போய் உயர்தரம் படித்தாள், அதுவும் விஞ்ஞானம். தாதியர் பயிற்சிக்கு அவளை எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்த வாரமே, பெரியாயி தட்டில் தேங்காயும் வெற்றிலையும் மஞ்சளும் வைத்து, சொந்தக்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள். பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் முடிச்சுப் போட்டுவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

தட்டைத் தம்பையா வாங்கக் கை நீட்டும்போது உள்ளேயிருந்து யசோதினி வந்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"அத்தை, ரமேஸ் அத்தான் தங்கமான ஆளு. ஆனா நான் அவரக் கட்டிக்க மாட்டேன். நான் படிக்கப் போறேன். அத்தானும் என்னைக் கேக்கல, நீங்கதான் கேக்குறீங்க."

ரமேஸ் அங்கேதான் நின்றான். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை இராக்கம்மா பார்த்துவிட்டாள். பெரகல சந்தியில் ஒரு சில்லறைக்கடைக்காரர் மகள்மேல் அவனுக்கு ஏற்கெனவே கண். தாய்க்குத்தான் தெரியாது.

பெரியாயி தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினாள். நேரே போனது மாரியம்மன் கோயிலுக்கு. சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

"இனி அந்தப் புள்ளையோட என் வாயால ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆத்தா மேல சத்தியம்."

சூடம் அணைத்துச் செய்த சத்தியம் தோட்டத்தில் விளையாட்டுப் பேச்சில்லை. கோர்ட்டில் பொய் சொன்னவனும் அந்த வாசலில் சொல்லமாட்டான். அன்றைக்கு அடைத்த வாய்தான். திருவிழாவில், கல்யாணத்தில், இழவு வீட்டில், எங்கே பார்த்தாலும் பெரியாயி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். யசோதினியும் விடமாட்டாள், எதிரே போய் நிற்பாள்.

"அத்தை, சாப்ட்டீங்களா?" என்று கேட்பாள். பதில் வராது. "சாப்ட்டிருப்பீங்க. காலு வலி எப்படி இருக்கு? பரவால்லையா? சரி அத்தை, அப்ப நான் வர்றேன்." கேள்வியும் அவளே, பதிலும் அவளே. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். பெரியாயிக்கு மட்டும் வராது.

பயிற்சி முடிந்து, வெளியூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, யசோதினி பதுளைக்கே வந்தாள். போட்டது பெரியாஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில். அந்த இடத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், அது கதவு சாத்தாத இடம். பஸ் கவிழ்ந்தாலும் அங்கேதான். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி காலில் இறங்கினாலும் அங்கேதான். தேத்தண்ணி என்று மண்ணெண்ணெயைக் குடித்த குழந்தை, சம்பளத்தன்று மண்டை உடைந்தவன், பாம்பு கடித்த காலில் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறவர், எல்லாரும் அந்த வாசலால்தான் வர வேண்டும். ஒரு ஆளுக்கு அடிபட்டால் லயமே கூட வரும். அவர்களை வெளியே நிறுத்துவதே பாதி வேலை.

டொக்டர்மாரில் பலருக்குத் தமிழ் தெரியாது. தோட்டத்துப் பெரியவர்களின் சிங்களமோ, சரி சரி என்கிற "ஹரி, ஹரி"யோடு முடிந்துவிடும். எங்கே வலிக்கிறது என்று கேட்டாலும் ஹரி ஹரி, எப்போதிருந்து என்று கேட்டாலும் ஹரி ஹரி. யசோதினி நடுவில் நின்று இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இங்கே என்று பேச்சைக் கடத்துவாள். நெஞ்சு கரிக்கிறது என்றால் ஒன்று, நெஞ்சு அடைக்கிறது என்றால் வேறொன்று; இரண்டையும் பிரித்துச் சிங்களத்தில் சொல்வாள்.

ஊர்க்காரர்களுக்கு அவள் அங்கே இருப்பது பெரிய தைரியம். தைரியம் கூடிப்போய், வாசலில் வந்து நின்று, "நம்ம புள்ள உள்ள இருக்கு, எங்கள மொதல்ல விடுங்க" என்பார்கள். அதற்கு அவள் இடம் கொடுத்ததே இல்லை.

"இந்த வாசல்ல சொந்தக்காரங்களுக்குத் தனி வரிசை கெடயாது மாமா. கத்துறவங்க செத்த பொறுங்க, கத்துறதுக்கு மூச்சு இருக்கில்ல? கத்தாம இருக்கிறது யாரு? அவங்க மொதல்ல வாங்க."

"பெரிய மிஸ்ஸு வந்துட்டா" என்று முணுமுணுப்பார்கள். ஆனால் அவள் கைபட்டால் ஊசி வலிக்காது என்றும் அவர்களே சொல்வார்கள். காலில் பாட்டா செருப்பு, இடுப்பில் கைவைத்த நிலை, யாரைப் பார்த்தாலும் நேராகப் பார்க்கிற கண். தன் வேலை தனக்குத் தெரியும் என்ற நடை அவளுக்கு.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் குளவி கலைந்த நாள் வந்தது.

காலைக் கொழுந்து நிறுக்கப்போகிற நேரம். மலையில் ஒரு மரத்துக் கிளையில் இருந்த கூட்டைப் பருந்து தட்டிவிட்டதாம். குளவி இறங்கி, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைச் சுற்றிக்கொண்டது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினவர்கள், இடுப்பில் கட்டியிருந்த படங்கைத் தலையில் போர்த்திக்கொண்டு தேயிலைக்குள் குப்புறப் படுத்தவர்கள், எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு தோட்டத்து லொறி வந்து வாசலில் நின்றது. பின்னாலேயே ரமேஸின் ஆட்டோ. அதிலே அவனுடைய அம்மாவும் இராக்கம்மாவும்.

உள்ளே வந்த சத்தத்தில் ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. கண் மூடிக்கொள்ளும்படி முகம் வீங்கின பெண்கள், தலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்கள். கொட்டின இடத்திலெல்லாம் சுண்ணாம்பு அப்பி ஆளுக்காள் வெள்ளைப் புள்ளியாக இருந்தார்கள். எல்லாரையும் விட இராக்கம்மாவின் குரல்தான் மேலே நின்றது.

"ஏ யசோதினி! எந் தலையப் பாருடி! தலை பூசணிக்கா ஆயிருச்சு! நான் செத்தா எம் பேரனுக்கு யாருடி ரொட்டி சுடுவா?"

"நீங்க இன்னும் இருவது வருசம் ரொட்டி சுடுவீங்க சித்தி. உக்காருங்க."

அவசரப் பிரிவுக்கு அன்றைக்குப் பொறுப்பு டொக்டர் ஸிஹாமா. பண்டாரவளையில் கடை வைத்திருக்கிற லத்தீப் முதலாளியின் மகள். சின்ன உருவம், பதறாத கை. "யசோ, நீங்க பெஞ்சியில இருக்கிறவங்களப் பாருங்க. மூச்சு, நாடி, அவ்வளவுதான் இப்ப. ஆபத்தான ஆள மட்டும் எங்கிட்ட அனுப்புங்க" என்றார்.

யசோதினி வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனாள். நாடி பிடித்தாள், நெஞ்சில் காதுக்குழலை வைத்தாள், ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்திக்கு நாடி இறங்கியிருந்தது. கையைத் தூக்கிக் காட்டினாள், கட்டில் வந்தது. அடுத்தவர், அடுத்தவர். பெஞ்சின் கடைசியில் பெரியாயி. மற்றவர்களைப் போல யாரும் தூக்கிவரவில்லை. ஆட்டோவிலிருந்து தானே இறங்கி நடந்து வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். கழுத்தில் இரண்டு, கையில் ஒன்று, அவ்வளவுதான் கொட்டு.

"அத்தை, எங்கெல்லாம் கொட்டிச்சு? மூச்சு விடக் கஷ்டமா இருக்கா?"

முகம் இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பியது.

பக்கத்திலிருந்த இராக்கம்மா வீங்கின முகத்தோடும் சிரித்தாள். "அது ஒங்கிட்ட பேசுமாடி? சூடம் அணைச்ச வாயி. குளவி கொட்டினாலும் தொறக்காது."

பெஞ்சியில் இருந்தவர்கள் வலியோடு சிரித்தார்கள். யசோதினிக்கும் ஒரு சிரிப்பு வந்தது. அதோடு சுருக்கென்று ஒரு கோபமும் வந்தது. இத்தனை பேருக்கு நடுவில், இந்த நேரத்திலுமா இந்த வீம்பு? நாடியைப் பிடித்துப் பார்த்தாள். வேகமாக இருந்தது, பயந்து ஓடி வந்த எல்லாருக்கும் வேகமாகத்தான் இருந்தது. சுகமாயிருக்கிறாள், பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று மனது சொல்லிற்று. அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

போனவளுக்குக் கால் ஓடவில்லை. கத்தாதவரை முதலில் வா என்கிறவள் தான்தானே? அத்தை என்பதால் ஒரு சலுகை வேண்டாம், சரி. அத்தை என்பதால் ஒரு குறைவு மட்டும் வைக்கலாமா?

திரும்பினாள். இந்தத் தரம் அவளே கேட்கவில்லை, இராக்கம்மாவிடம் சொன்னாள்.

"சித்தி, நீங்க கேளுங்க அவங்ககிட்ட, எங்க கொட்டிச்சுன்னு."

"ஏ பெரியாயி," என்று இராக்கம்மா முழங்கையால் இடித்தாள், "எங்கடி கொட்டிச்சு? எனக்குத்தான் சொல்லேன். எனக்குமா சூடம் அணைச்ச?"

பெரியாயி பேசவில்லை.

யசோதினி பெரியாயிக்கு முன்னால் குந்தினாள். சத்தியம் தன்னோடு மட்டும்தான். இராக்கம்மாவோடு பெரியாயி பேசாத நாள் இல்லை. பீலியிலும் மலையிலும் இருவரும் வாய் ஓயாமல் மல்லுக்கட்டுவார்கள். குத்தல் பேச்சுக்குத் திருப்பிக் கொடுக்காமல் பெரியாயி உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அது வீம்பில்லை.

முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வெற்றிலைச் சிவப்பு எச்சில் தாடையில் வழிந்து ரவிக்கையை நனைத்திருந்தது. கன்னத்தில் ஒரு உருண்டை. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் விசில் போல ஒரு சத்தம்.

"சித்தி, இவங்க வாயில எப்ப வெத்தல போட்டாங்க?"

"மலையிலயே போட்டுக்கிச்சு. அலறினப்ப ஒரு குளவி வாய்க்குள்ளயே பூந்திருச்சுடி. கையாலயே புடுங்கி எறிஞ்சுச்சு. அப்புறம் சுண்ணாம்ப நெறையத் தடவி ஒரு வாயி வெத்தலய அமுக்கிக்கிச்சு. கொட்டுன எடத்துக்கு சுண்ணாம்பு வச்சா எறங்கிரும்ல?"

தோலில் கொட்டினால் சுண்ணாம்பு வைப்பது எல்லாருக்கும் பழக்கம். வாய்க்குள் கொட்டியதற்கும் அதையே செய்திருக்கிறாள். உள்ளே வீங்கிக்கொண்டு வருகிறதை வெற்றிலைச் சிவப்பு மறைத்துவிட்டது.

"டொக்டர்! இங்க வாங்க! தொண்ட அடைக்குது!"

கட்டில் உருண்டு வந்தது. ரமேஸ் தாயைத் தூக்கிப் படுக்கவைத்தான். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று யசோதினி உடனே தலைப்பக்கத்தை நிமிர்த்தினாள். டொக்டர் ஸிஹாமா "அட்ரினலின், தொடையில" என்று சொல்லி முடிக்கிறபோது ஊசி யசோதினி கையில் இருந்தது. சேலைக்கு மேலாலேயே இறக்கினாள். ஒட்சிசன் வைத்தார்கள். ஒருவர் மயக்க மருந்து டொக்டரைக் கூப்பிட ஓடினார்.

"வாயில இருக்கிறத எடுக்கணும், இல்லாட்டி மூச்சுக் கொழாயும் போட ஏலாது" என்றார் டொக்டர்.

பெரியாயி பல்லைக் கடித்துக்கொண்டாள். யசோதினியின் கையைத் தட்டிவிட்டாள். கண்கள் விரிந்து பயந்துபோயிருந்தன. பயத்திலும் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தன. உதடு நீலம் பூக்கத் தொடங்கியது. ரமேஸ் அழுதான். "அம்மா, தொறங்கம்மா, அது நம்ம யசோதான்மா."

யசோதினி குனிந்து அத்தையின் காதுக்குப் பக்கத்தில் போனாள்.

"அத்தை, இங்க பாருங்க. ஒங்க சத்தியத்த நீங்களே வச்சுக்கங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை பேச வேணாம். நான் கேக்கவும் மாட்டேன். வாயத் தொறக்கிறது பேச்சாகாது. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. தொறங்க."

பெரியாயி கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். பல வருஷத்துக்குப் பிறகு முகத்துக்கு முகம். வாய் திறந்தது.

இரண்டு விரலை விட்டு வெற்றிலை உருண்டையை யசோதினி வழித்தெடுத்தாள். உள்ளே நாக்கு தடித்து மேலண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மயக்க மருந்து டொக்டர் வந்து சேர்ந்தார். இரண்டாவது ஊசியும் போயிருந்தது. முதல் தரம் குழாய் போகவில்லை. இரண்டாவது தரமும் தட்டியது. யசோதினி கழுத்தை அவர் சொன்ன இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை எந்திரத்தில் ஓடுகிற ஒட்சிசன் எண்ணில் வைத்திருந்தாள். எண் இறங்கிக்கொண்டே போனது. மூன்றாவது தரம் குழாய் இறங்கியது. நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது.

எல்லாம் முடிந்து கட்டிலை மேல்மாடித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பின பிறகு, டொக்டர் ஸிஹாமா கையுறையைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"ஒங்கட மாமியா யசோ?"

"அத்தை. என்னோட பேசாத அத்தை."

"எவ்வளவு காலமா?"

"நான் இந்தப் படிப்புப் படிக்கப் போன நாள்ல இருந்து. ஒரு தரம் விட்டுட்டுப் போயிட்டேன் டொக்டர். வீம்புன்னு நெனச்சு."

"திரும்பி வந்தீங்கதானே. சரி, அந்தக் கடைசிப் பெஞ்சியப் பாருங்க, இன்னும் ஆள் இருக்கு."

போனாள். அன்றைக்குப் பெஞ்சியில் மீதியிருந்த எல்லாரிடமும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "வாயத் தொறந்து காட்டுங்க. வெத்தல இருந்தா துப்புங்க." அதற்குப் பிறகு அந்தப் பிரிவில் அதுவே வழக்கமாகிவிட்டது. குளவி கொட்டி வருகிற தோட்டத்துப் பெண் யாராக இருந்தாலும் முதலில் துப்ப வேண்டும். சிங்கள நர்ஸ்மார் கூட "துப்புங்க, துப்புங்க" என்று தமிழில் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

குழாய் எடுத்த அன்றைக்கு யசோதினி டியூட்டி முடிந்து வார்டுக்குப் போனாள். கட்டிலில் பெரியாயி சாய்ந்திருந்தாள். பக்கத்தில், தலை வீக்கம் வற்றின இராக்கம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், அதில் பாதி அவள் வாய்க்கே போனது.

"அத்தை, சாப்ட்டீங்களா?"

பெரியாயி முகத்தைத் திருப்பவில்லை. யசோதினியை நேராகப் பார்த்துக்கொண்டே, கரகரத்த குரலில் இராக்கம்மாவிடம் சொன்னாள்:

"ஏ இராக்கம்மா, இந்த நர்ஸ் புள்ளைகிட்ட சொல்லு. கஞ்சியில உப்பே இல்ல."

இராக்கம்மா வாயைப் பிளந்தாள். "அது இந்தா முன்னாடிதானேடி நிக்குது!"

"சத்தியம் சத்தியம்தான். நீ சொல்லு."

யசோதினி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். "சித்தி, அவங்ககிட்ட சொல்லுங்க. பிரஷர் இருக்கிறவங்களுக்கு இங்க அப்படித்தான் குடுப்பாங்க."

"கேக்குதாடி? பிரஷராம்."

"கேக்குது. ஆஸ்பத்திரிக் கஞ்சிய இது குடிச்சுப் பாத்துச்சான்னு கேளு."

"குடிச்சிருக்கேன்னு சொல்லுங்க சித்தி. ரொம்ப மோசம்தான்னும் சொல்லுங்க."

பெரியாயி சிரித்துவிட்டாள். சிரித்தால் தொண்டை வலித்தது. வலித்தாலும் நிறுத்தவில்லை. பிறகு அவள் கையை நீட்டி, யசோதினியின் மணிக்கட்டைப் பிடித்து, கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள். அதற்குச் சத்தியத்தில் தடை ஏதும் இல்லை.

அப்புறம் தம்பையா பூசாரியிடம் போய், சத்தியத்தைக் கழிக்க வழியுண்டா என்று கேட்டுவந்தான். தேங்காய் உடைத்து ஏதோ செய்யலாம் என்று பூசாரி சொன்னாராம். பெரியாயி ஒத்துக்கொள்ளவில்லை. ஆத்தா முன்னால் சொன்னதைத் தேங்காயைக் காட்டித் திருப்பி வாங்குகிற ஆள் அவள் இல்லை. யசோதினியும் வற்புறுத்தவில்லை. ஜெயகுமார் என்கிற ஆசிரியரை அவள் கட்டிக்கொண்டபோது, பந்தலில் முதல் ஆளாக நின்று வேலை பார்த்தது பெரியாயிதான். மணப்பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் ரமேஸின் மனைவியிடம் சத்தமாகச் சொன்னாள். பிள்ளை பிறந்தபோது மருந்துச் சாப்பாடு ஆக்கிக் கொடுத்தனுப்பினதும் அவள்தான். லயத்துக்கு யசோதினி வருகிற நாளில் யாராவது ஒருவர் நடுவில் உட்கார வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பெரியாயி வாசலில் படுத்திருக்கிற நாயிடம் சொல்வாள், யசோதினி நாய்க்குப் பதில் சொல்வாள்.

யசோதினி இன்றைக்கும் பதுளையில் அதே அவசர சிகிச்சைப் பிரிவில்தான் வேலை செய்கிறாள். காலை டியூட்டியில் மற்ற நர்ஸ்மாருக்குப் பொறுப்பாக இருக்கிறாள். புருஷனோடும் மகனோடும் ஹாலிஎலையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறாள்.